340 மாணவர்களுக்கு தினமும் நெல் அளந்த சோழர் கல்லூரி... எண்ணாயிரம் கல்வெட்டில் என்ன இருக்கிறது?

மரக்காணம் உப்பளத்தையும் அனுமந்தையையும் கடந்து ஈசிஆரில் புதுச்சேரி போகிறவர்கள் பலருக்கு எண்ணாயிரம் என்ற பெயரே புதுசாக இருக்கலாம். அதே விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி பக்கம் இருக்கும் கிராமம் அது. அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு கல்லூரியின் முழுக் கணக்கும் வெட்டப்பட்டிருக்கிறது.

காலம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மன்னர், முதலாம் ராஜேந்திர சோழன். அப்போது ஊரின் பெயர் ராஜராஜ சதுர்வேதிமங்கலம். மன்னரின் உத்தரவுப்படி ஊர்ச் சபை ஏற்பாடு செய்தது. செலவுக்கு 45 வேலி நிலம்.

என்ன படித்தார்கள்?

மொத்தம் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். கீழ் வகுப்பில் 270 பேர்: ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, வாஜசனேயத்துக்கு 20, சாம வேதத்தின் இரண்டு பிரிவுகளுக்கு தலா 20, அதர்வணத்துக்கு 10, போதாயன சூத்திரங்களுக்கு 10. மிச்சம் 40 பேருக்கு 'ரூபாவதாரம்' என்ற சமஸ்கிருத இலக்கண நூல். இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அந்த நூலை எழுதிய தர்மகீர்த்தி, இலங்கையைச் சேர்ந்த பௌத்தர் என்று கருதப்படுபவர். வேதக் கல்லூரியில் பௌத்தர் எழுதிய பாடப்புத்தகம்!

மேல் வகுப்பில் 70 பேர். மீமாம்சைக்கு 35, வியாகரணத்துக்கு 25, வேதாந்தத்துக்கு வெறும் 10.

சாப்பாட்டுக் கணக்கு

கீழ் வகுப்பு மாணவருக்கு நாளைக்கு 6 நாழி நெல். மேல் வகுப்புக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. கூட்டிப் பார்த்தால் மாணவர்களுக்கு மட்டும் தினமும் 24 கலம் 2 குறுணி வருகிறது. ஒரு கலத்துக்கு 12 குறுணி, ஒரு குறுணிக்கு 8 நாழி என்பது அன்றைய அளவு. ஸ்காலர்ஷிப் என்று இன்று சொல்கிறோமே, அதேதான். பணத்துக்குப் பதில் நெல்.

'உலகின் முதல் பல்கலைக்கழகமா?'

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த வரியை நம்ப வேண்டாம். பீகாரின் நாலந்தா இதைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது. அவ்வளவு தூரம்கூட போக வேண்டாம். புதுச்சேரியை ஒட்டிய பாகூரில், 9ஆம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் ஒரு வித்யாஸ்தானத்துக்கு 3 ஊர்களின் வருமானம் ஒதுக்கப்பட்டதை பாகூர் செப்பேடு சொல்கிறது. எண்ணாயிரத்துக்குப் பிறகு 1048இல், ராஜாதிராஜன் காலத்தில் திருபுவனையில் 260 மாணவர்கள், 12 ஆசிரியர்களோடு இன்னொன்று வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். இது எல்லாருக்குமான கல்லூரி இல்லை. பிராமணர்களுக்கான வேதக் கல்வி இது. நிலத்தில் உழுது அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

தமிழும் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அதே கோயிலில் திருவாய்மொழி ஓதுவதற்குத் தனி ஏற்பாடு இருந்தது. சமஸ்கிருதம் படித்த 340 பேரின் கணக்கு நமக்குக் கிடைத்திருப்பதும் தமிழில் வெட்டிய கல்வெட்டால்தான்.