விண்டோசிலிருந்து மாக்கிற்கு மாறுதல்

விண்டோசிலிருந்து மாக்கிற்கு மாறுதல் என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளம் கொண்ட கணினியை, பெரும்பாலும் மடிக்கணினியை, பயன்படுத்தி வந்த ஒருவர் அதனை விடுத்து ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணினியைப் பயன்படுத்தத் தொடங்குவதைக் குறிக்கும். இது வெறுமனே புதிய கணினி வாங்குவதிலிருந்து வேறுபட்டது. ஒரு விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து மற்றொரு விண்டோஸ் மடிக்கணினிக்குச் செல்பவர் தம் மென்பொருள்களையும் கோப்புகளையும் பழக்கங்களையும் உடன் கொண்டு செல்கிறார். மாக்கிற்குச் செல்பவரோ அவற்றுள் எவை உடன் வரும், எவை வாரா என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டியவராகிறார். 2006 முதல் வெளிவந்த இன்டெல் மாக் கணினிகளில் விண்டோசையும் நிறுவ முடிந்ததால் இம்முடிவு எளிதில் திருத்திக்கொள்ளக் கூடியதாக இருந்தது. 2020 இல் அறிமுகமான ஆப்பிள் நுண்செயலிக் கணினிகளில் அவ்வாறு திரும்பிவரும் வழி இல்லை. மாறுவதா வேண்டாமா என்ற கேள்வி இன்று கடினமாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

பின்னணி

1990களின் பிற்பகுதியில் மாக்கிலிருந்து விண்டோசுக்குச் சென்றவர்களே மிகுதி. 1997 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலிட்டதுடன், மாக்கிற்கான ஆபிஸ் மென்பொருளை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு வெளியிடவும் உடன்பட்டது. அலுவலக ஆவணங்களைத் திறக்க முடியாத கணினிக்கு யாரும் மாறப்போவதில்லை என்பதால் முதலீட்டுத் தொகையைவிட இந்த உடன்பாடே முக்கியமானது.

2002 ஜூனில் ஆப்பிள் "மாறுங்கள்" என்ற பொருள்படும் விளம்பரத் தொடர் ஒன்றைத் தொடங்கியது. ஆவணப்பட இயக்குநர் எரால் மாரிஸ் இயக்கிய இவ்விளம்பரங்களில், விண்டோசை விட்டு வந்த உண்மையான பயனர்கள் வெள்ளைப் பின்னணியில் நின்று தம் அனுபவத்தைக் கூறினர். அதே ஆண்டு அக்டோபரில், மாக்கிலிருந்து விண்டோசுக்கு மாறிய ஒரு பெண் எழுதியதாக மைக்ரோசாப்ட் ஒரு கட்டுரையை வெளியிட்டது. அதிலிருந்த படம் விலைக்குக் கிடைக்கும் படத்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது எனத் தெரியவந்ததும் கட்டுரை நீக்கப்பட்டது. விளம்பரங்களைவிட 2003 இல் பரவிய பிளாஸ்டர், 2004 இல் பரவிய சாசர் ஆகிய புழு நிரல்கள் பலரை மாக்கை நோக்கித் திருப்பின. எனினும் மாக்கிற்குத் தீநிரல்களே வாரா என்ற நம்பிக்கை தவறானது. 2012 இல் பிளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 இலட்சம் மாக் கணினிகளைத் தாக்கியது.

இன்டெல் காலம்

2005 ஜூன் 6 அன்று ஸ்டீவ் ஜொப்ஸ் மாக் கணினிகள் பவர்பிசி நுண்செயலியிலிருந்து இன்டெல் நுண்செயலிக்கு மாறும் என அறிவித்தார். முதல் இன்டெல் மாக் கணினிகள் 2006 ஜனவரியில் அறிமுகமாயின. விண்டோஸ் கணினிகளில் உள்ள அதே வகை நுண்செயலி இவற்றில் இருந்ததால், விண்டோசையே மாக்கில் நேரடியாக இயக்க இயலுமா என்ற ஆவல் எழுந்தது. இதற்கு வழிகாண்பவருக்கெனப் பயனர்கள் தமக்குள் திரட்டிய பரிசுத்தொகை 13,000 டாலரைத் தாண்டியது. 2006 மார்ச்சில் இருவர் விண்டோஸ் எக்ஸ்பியை இன்டெல் மாக்கில் இயக்கிக் காட்டி அதனை வென்றனர்.

மூன்று வாரங்களுக்குள், ஏப்ரல் 5 அன்று, ஆப்பிளே பூட் கேம்ப் என்ற மென்பொருளின் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. இதன்மூலம் வன்தட்டின் ஒரு பகுதியில் விண்டோசை நிறுவி, கணினியைத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2007 அக்டோபரில் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸ் 10.5 உடன் இது முழுமையான பதிப்பாக வழங்கப்பட்டது. 2006 ஜூனில் வந்த பாரலல்ஸ் டெஸ்க்டாப், 2007 ஆகஸ்டில் வந்த விஎம்வேர் பியூஷன் ஆகியன மாக் இயங்குதளத்தை நிறுத்தாமலேயே ஒரு சாளரத்துக்குள் விண்டோசை இயக்கின.

இவ்வசதிகளை உண்மையில் எத்தனை பேர் தொடர்ந்து பயன்படுத்தினர் என்பது வேறு. மாக் பிடிக்கவில்லை என்றால் அதே கணினியில் விண்டோசை நிறுவிக்கொள்ளலாம் என்ற உறுதி, மாறத் தயங்கியவர்களுக்கு ஒரு காப்பீடாக அமைந்தது.

ஆப்பிள் நுண்செயலிக் காலம்

2020 நவம்பர் 10 அன்று ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 நுண்செயலி கொண்ட கணினிகளை அறிமுகப்படுத்தியது. 999 டாலருக்கு விற்கப்பட்ட மாக்புக் ஏர் விசிறியே இல்லாமல் இயங்கியது. ஒருமுறை மின்னேற்றினால் 18 மணி நேரம் வரை நிகழ்படம் பார்க்கலாம் என ஆப்பிள் அறிவித்தது. அதற்கு முந்தைய இன்டெல் பதிப்புக்கு இது 12 மணி நேரமாகக் கூறப்பட்டிருந்தது. வெப்பம், விசிறியின் ஒலி, மின்கலம் விரைவில் தீர்தல் ஆகியவற்றால் சலித்த மடிக்கணினிப் பயனர்களை இது பெரிதும் ஈர்த்தது.

இந்நுண்செயலி ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்தது. எனவே பூட் கேம்ப் இதில் இல்லை. பழைய மாக் மென்பொருள்களை இயக்க ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு வசதி தரப்பட்டது. இது விண்டோஸ் மென்பொருள்களையும் இயக்கும் எனச் சிலர் கருதுவது பிழை. இன்டெல் மாக்கிற்காக எழுதப்பட்டவற்றை மட்டுமே ரொசெட்டா 2 மாற்றித் தரும்.

2023 பெப்ரவரியில், ஆப்பிள் நுண்செயலிக் கணினிகளில் பாரலல்ஸ் மூலம் விண்டோஸ் 11 இன் ஆர்ம் பதிப்பை இயக்க மைக்ரோசாப்ட் முறையாக அனுமதித்தது. வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களுள் பல இவ்வகையில் இயங்குகின்றன, ஏனெனில் அவற்றை மாற்றி இயக்கும் வசதி விண்டோசிலேயே உள்ளது. ஆனால் வன்பொருளை இயக்கும் நிரல்கள் ஆர்முக்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய அச்சுப்பொறி, ஆய்வுக்கூடக் கருவி, யுஎஸ்பி பூட்டு செருகினால் மட்டுமே திறக்கும் மென்பொருள் ஆகியவற்றை நம்பியிருப்போர் இங்குதான் தடுக்கி விழுகின்றனர்.

மென்பொருள்கள்

மாறுவது குறித்த முடிவு பெரும்பாலும் ஒரே ஒரு மென்பொருளில் தங்கியிருக்கும். உலாவி, மின்னஞ்சல், ஆவணங்கள் என்ற அளவில் பணிசெய்பவருக்கு இரு இயங்குதளங்களும் ஏறத்தாழ ஒன்றே. இந்தியாவில் கணக்கு எழுதுபவர்கள் பயன்படுத்தும் டாலி விண்டோசுக்கென உருவாக்கப்பட்டது. ஆட்டோகேட் 2010 இல் மாக்கிற்குத் திரும்பியது. அதனை வெளியிடும் ஆட்டோடெஸ்கின் ரெவிட், 3டிஎஸ் மாக்ஸ் ஆகியன மாக்கிற்கு வரவில்லை. இயந்திரப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சாலிட்வர்க்சும் அவ்வாறே. மைக்ரோசாப்ட் அக்செசும் மாக்கில் இல்லை.

ஒரே பெயரில் கிடைக்கும் மென்பொருள் ஒரே திறன் கொண்டது எனவும் கொள்ள முடியாது. மாக்கிற்கான ஆபிஸ் 2008 இல் விபிஏ நிரல்மொழி நீக்கப்பட்டதால், எக்செல் கோப்புகளில் ஆண்டுக்கணக்கில் குறுநிரல்கள் எழுதி வைத்திருந்தோர் அவற்றை இயக்க முடியாமல் தவித்தனர். 2010 இறுதியில் வந்த ஆபிஸ் 2011 இல்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது.

மறுபுறம், மாக்கில் மட்டும் கிடைப்பவையும் உள்ளன. ஐபோனுக்கான மென்பொருள்களை உருவாக்கும் எக்ஸ்கோட் அவற்றுள் முதன்மையானது. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்ட பின், மாக்கை விரும்பாத நிரலாளர்களும் ஒன்றை வாங்க நேர்ந்தது.

மாக்கிலேயே இருந்தாலும் பழைய மென்பொருள்கள் நிலைப்பதில்லை. 2019 அக்டோபரில் வெளிவந்த மாக்ஓஎஸ் 10.15, 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் கைவிட்டது. பழையவற்றைச் சுமந்து செல்வதில் விண்டோஸ் காட்டும் பொறுமையை மாக்கில் எதிர்பார்த்தல் ஆகாது.

கோப்புகள்

விண்டோஸ் வன்தட்டுகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்தவை. மாக்கில் இவற்றிலுள்ள கோப்புகளைப் படிக்கலாம். இயல்பாக எழுத முடியாது. இரண்டிலும் எழுத வேண்டின் எக்ஸ்ஃபாட் முறை ஏற்றது. மாக்கில் இது 2010 இல், 10.6.5 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதனினும் பழைய ஃபாட்32 முறையில் 4 கிகாபைட்டை எட்டும் கோப்பு ஒன்றைச் சேமிக்க இயலாது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போர் அறிய வேண்டிய சிக்கல் ஒன்றும் உண்டு. யுனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். ஒகர, ஔகாரக் குறிகளும் இத்தகையன. மாக்கில் 2017 வரை இயல்பாக இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் முறை இவற்றைப் பிரித்தே சேமித்தது. "கோப்பு" எனப் பெயரிட்ட ஒரு கோப்பை மாக்கிலிருந்து விண்டோசுக்குப் படியெடுத்தால் திரையில் அதே பெயர் தெரியும். ஆனால் என்டிஎஃப்எஸ் இரண்டையும் வேறு வேறு பெயர்களாகவே கொள்வதால், ஒரே கோப்புறையில் "கோப்பு" இரண்டு இருக்கலாம். தேடினால் ஒன்று அகப்படாமலும் போகலாம். 2017 இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறை கொடுத்த பெயரை அவ்வாறே சேமித்து, இரு வடிவங்களையும் ஒன்றாகவே கருதுகிறது.

தமிழ்த் தட்டச்சு

முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மாக் இயங்குதளத்துடன் வருகிறது. அஞ்சல், தமிழ்99 ஆகிய விசைப்பலகை அமைப்புகளும் உள்ளன. தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை. அழகி, என்எச்எம் ரைட்டர் ஆகியன விண்டோசுக்கானவை என்பதால் அவற்றில் பழகியோர் வேறு வழி காண வேண்டும். பழைய குறியாக்க எழுத்துருக்களில் பேஜ்மேக்கர் கொண்டு நூல்களை வடிவமைத்தோரின் நிலை இன்னும் கடினம். 2001 இல் வெளிவந்த 7 ஆம் பதிப்புடன் நின்றுபோன அம்மென்பொருள் மாக் ஓஎஸ் எக்ஸில் நேரடியாக இயங்கும் வகையில் ஒருபோதும் வெளிவரவில்லை.

பழக்கம்

கண்ட்ரோல் விசையின் பணிகளைக் கமாண்ட் விசை செய்கிறது. கோப்பொன்றைத் தேர்ந்து ரிட்டர்ன் விசையை அழுத்தினால் அது திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். சாளரத்தின் சிவப்புப் பொத்தான் சாளரத்தை மூடுமேயன்றி மென்பொருளைப் பெரும்பாலும் நிறுத்தாது. இவையெல்லாம் எரிச்சலூட்டுபவையே எனினும், கைக்குப் பழகிவிடக் கூடியவை. மாறுவதற்கு எதிரான காரணமாக இவற்றைக் கொள்ள வேண்டியதில்லை.

விலையும் பழுதும்

ஆப்பிள் நுண்செயலி மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது. வாங்கும் நாளிலேயே பல ஆண்டுகளுக்கான தேவையைக் கணித்துப் பணம் செலுத்த வேண்டும். விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தையோ சேமிப்பகத்தையோ பின்னர் மாற்றலாம், ஆயினும் மெல்லிய வகைகள் இப்போது மாக்கையே பின்பற்றுகின்றன.

எதிர்த்திசையில் சென்றவர்களும் உளர். 2015 முதல் 2019 வரை மாக் மடிக்கணினிகளில் இடம்பெற்ற பட்டாம்பூச்சி விசைப்பலகை தூசு படிந்தாலே பழுதாகியது. 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இது தொடர்பான வழக்கொன்றில் 2022 இல் 5 கோடி டாலர் வழங்க உடன்பட்டது.

ஆதரவுக் காலம்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய நுண்செயலியையும் கோருவதால், நன்றாக இயங்கும் கணினிகள் பலவும் முறையாக மேம்படுத்த இயலாதவையாயின. தனிப் பயனர்களுக்கு ஓராண்டுக்கான கூடுதல் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் அறிவிக்கப்பட்டன. எப்படியும் புதுக் கணினி வாங்க வேண்டும் என்ற நிலையில் மாக்கைப் பற்றி எண்ணத் தொடங்கியோர் பலர்.

பூட் கேம்ப் உள்ளது, விலையும் குறைவு என்பதற்காகப் பழைய இன்டெல் மாக்கை வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கருத வேண்டும். 2025 இல் வெளிவந்த மாக்ஓஎஸ் 26 இன்டெல் கணினிகளுக்கான இறுதிப் பதிப்பு என ஆப்பிள் அறிவித்துள்ளது. ரொசெட்டா 2 முழுமையாகக் கிடைப்பது மாக்ஓஎஸ் 27 வரையே. அதன் பின்னர் பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்கான பகுதி மட்டும் தொடரும் எனவும் தெரிவிக்கப்பட்டுள்ளது.