கோவூர் கிழாரின் நான்கு பாடல்கள்

சங்கப் புலவர் என்றதும் அரண்மனை வாயிலில் பரிசிலுக்குக் காத்துநிற்கும் ஒருவரே நம்மிற் பலருக்கு நினைவில் வருகின்றார். புறநானூற்றில் பரிசில் வேண்டும் பாடல்கள் நிறையவே உள்ளன, மறுப்பதற்கில்லை. எனினும் 1894 இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலின் 44 முதல் 47 வரையுள்ள பாடல்களை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு வேறொரு புலவர் காட்சி தருவார். நான்கும் கோவூர் கிழார் பாடியவை. நான்கிலும் அவர் தமக்கென எதனையும் கேட்கவில்லை.

சோழர் குடியிலே நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டிருந்த காலம் அது. கோவூர் கிழார் நலங்கிள்ளியைப் பல பாடல்களிற் புகழ்ந்தவர். அப்படிப்பட்டவர், முற்றுகைக்குட்பட்ட ஆவூர்க் கோட்டையினுள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியின் முன் நின்று பேசுகின்றார். நீராட்டும் நெய்ச்சோற்றுக் கவளமும் இன்றி யானைகளின் துதிக்கைகள் நிலத்திற் புரள்கின்றன; குழந்தைகள் பாலின்றி அழுகின்றன; பெண்கள் பூவில்லாத தலையை முடிக்கின்றனர்; வீடுகளிலே தண்ணீர் இல்லையென்ற கூக்குரல். அறவழி நிற்பவனாயின் 'உனதே' என்று கதவைத் திறந்துவிடு, மறமுடையவனாயின் போரிடத் திற. இரண்டுமின்றிச் சுவருக்குள் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்கிறார். அரசனுக்கு இவ்வளவு நேராகச் சொல்வதற்கு நாவன்மை மட்டும் போதாது.

உறையூர் முற்றுகையின்போது பாடியதில் அவர் இருவரையும் ஒருங்கே நோக்கிப் பேசுகின்றார். உன் எதிரி பனம்பூச் சூடிய சேரனல்லன், வேம்பு சூடிய பாண்டியனல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்லுதலோ இயற்கையன்று. ஒன்பதே அடிகளில் அமைந்த வாதம் இது.

இளந்தத்தன் என்ற புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்தபோது அவனை ஒற்றனென்று கருதி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் வருபவன்மீது விழும் ஐயம் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோவூர் கிழார் இளந்தத்தன் நல்லவன் என்று சான்று கூறவில்லை; புலவர் வாழ்க்கை எத்தகையதென்று கூறுகின்றார். பறவைபோல் நெடுவழி கடந்து செல்வர், கிடைத்ததைச் சுற்றத்தோடு உண்பர், சேர்த்துவைக்காமற் கொடுப்பர். பிறருக்குத் தீங்கு நினைப்பதுண்டா? கல்வியால் எதிர்ப்புலவரை நாணச் செய்வதைத் தவிர வேறில்லை. இறுதியில், நிலமாளும் உன்னையொத்த செம்மல் அவர்களுக்கும் உண்டு என்று முடிக்கின்றார். உயிர்ப்பிச்சை கேட்கும் இடத்திலே இச்சொல்லைத் துணிந்து வைத்ததுதான் வியப்பு.

என் மனத்தை மிகவும் தொடுவது 46 ஆம் பாடல். கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் மக்களை யானைக்காலில் இடச் செய்யும் நேரம். நீ புறாவின் துயரைத் தீர்த்தவன் வழிவந்தவன், இவர்களோ கற்றோர் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்டவர் மரபினர் என்று இரு குடிகளையும் அருகருகே நிறுத்துகின்றார். பிறகு கண் குழந்தைகள்மீது திரும்புகின்றது. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்டனர். புதிய மன்றத்தை மருண்டு பார்க்கின்றனர். கொல்ல வந்த விலங்கே அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது! கெஞ்சலோ சாபமோ இல்லை. கேட்டாயல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று நிறுத்திவிடுகின்றார்.

45, 46, 47 ஆகிய மூன்றும் துணைவஞ்சி என்னும் துறையின்பாற்பட்டவை. போருக்கோ கொலைக்கோ முனைந்த மன்னனைத் தடுத்துச் சந்து செய்வதே இத்துறை. ஆகவே கோவூர் கிழாரின் செயல் தனியொருவரின் துணிச்சல் மட்டுமன்று, மரபு பெயரிட்டு ஏற்றுக்கொண்ட பணியுமாகும். ஆலத்தூர் கிழார் கருவூரை முற்றியிருந்த கிள்ளிவளவனைப் பாடிய 36 ஆம் பாடலும் இத்துறையினதே.

பாடல்களின் கீழுள்ள கொளுக்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தைகளுக்கும் இளந்தத்தனுக்கும் பாடியவற்றில் 'உய்யக்கொண்டது' என்றிருக்கின்றது. முற்றுகைப் பாடல்களில் 'பாடியது' என்பதோடு சரி. நெடுங்கிள்ளியை நூல் காரியாற்றுத் துஞ்சியவன் என்று அவன் உயிர்நீத்த இடத்தாலேயே அழைக்கின்றது.