கொடையும் மருந்தும்: ஒக்ஸ்போட்டிற் பெனிசிலின்

மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைக் கண்டறிந்தோரைப் போற்றுவர். அவர்கள் பணியாற்றிய ஆய்வுகூடம் யாருடைய பொருளால் எழுந்தது என்பதை அரிதாகவே வினவுவர். பெனிசிலினின் வரலாற்றில் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

1928 இல் இலண்டனில் அலெக்சாந்தர் பிளெமிங், பூஞ்சணமொன்று பற்றீரியாக்களை அழிப்பதை அவதானித்தார். எனினும் அதன் செயற்படு பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க இயலாமையால் அது பத்தாண்டுகளுக்கு மேலாக மருந்தாகவில்லை. அதனை மருந்தாக்கியது ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் சேர் வில்லியம் டன் நோயியற் கூடமாகும்.

டன் விஞ்ஞானியல்லர், தென்னாபிரிக்க வணிகத்திற் பொருளீட்டிய ஸ்கொத்லாந்தியர். அவர் 1912 இல் இறந்தபின், மானிடத் துயர் தணிக்கவென விட்டுச்சென்ற செல்வத்தில் ஒரு பெரும்பகுதியை அவருடைய தருமகர்த்தாக்கள் ஆராய்ச்சிக்கு ஒதுக்கினர். கேம்பிரிட்ஜில் உயிர் இரசாயனவியல் நிலையமொன்று எழுந்தது. 1922 இல் ஒக்ஸ்போட்டுக்கு ஓரிலட்சம் பவுண் வழங்கப்பட்டது. அங்குக் கட்டப்பட்ட கூடம் 1927 இல் திறக்கப்பட்டது. பின்னர் அக்கூடத்திற் பெனிசிலினை ஆராய்ந்த ஏர்ணஸ்ட் செயின், நோமன் ஹீட்லி ஆகிய இருவரும் கேம்பிரிட்ஜ் நிலையத்திலிருந்தே வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கட்டடம் இருந்தது, ஆய்வுக்குப் பணம் இருக்கவில்லை. 1935 இற் பேராசிரியரான ஹவாட் புளோறி ஆண்டுதோறும் நிதிக்காக அலைய நேர்ந்தது. 1939 இற் போர் மூண்டபோது மருத்துவ ஆராய்ச்சிச் சபை இவ்வாய்வுக்கு முதலில் அனுமதித்தது 25 பவுண் மாத்திரமே. அவ்வேளை அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் ஆண்டுக்கு 5,000 டொலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு உதவ இசைந்தது. மருந்து கைகூடும் என்ற உறுதி எவருக்கும் இல்லாதபோதே அவ்வுதவி வழங்கப்பட்டது. தொகையினும் அதன் நீடித்த காலமே பெரும்பயன் விளைத்தது எனலாம்.

1940 மே 25 இல் எட்டுச் சுண்டெலிகளுக்கு நோய்க்கிருமி ஏற்றப்பட்டது. பெனிசிலின் பெறாத நான்கும் மறுநாள் விடியுமுன் இறந்தன. 1941 பெப்ரவரியில் மருந்து பெற்ற பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் தேறிவந்தார். ஆனால் மருந்து தீர்ந்துபோக, நோய் மீண்டும் முற்றி மார்ச்சில் இறந்தார். கொடையின் எல்லையும் அங்கே புலப்பட்டது. கண்டறிதற்குப் போதுமான பணம் உற்பத்திக்குப் போதவில்லை. அவ்வாண்டு புளோறியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். அந்நாட்டு அரசும் கைத்தொழில் நிறுவனங்களும் இணைந்தபின்னரே பேரளவு உற்பத்தி சாத்தியமாயிற்று.

ஆக்கவுரிமை பெறவேண்டுமெனச் செயின் வற்புறுத்தினார். மருத்துவக் கண்டுபிடிப்பால் ஆதாயம் தேடுதல் அறமன்று என மூத்தோர் மறுத்தனர். ஆகவே பெனிசிலினால் ஒக்ஸ்போட் பெற்றது புகழே.

அக்குழுவைச் சேர்ந்த எட்வேட் ஆபிரகாம் இதிலிருந்து வேறு பாடம் கற்றார். சாடினியாவில் ஜியுசெப்பே புறொட்சு கண்டெடுத்த பூஞ்சணத்திலிருந்து, 1950களில் ஆபிரகாமும் கை நியூட்டனும் செபலோஸ்போறின் சி என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இம்முறை ஆக்கவுரிமை பெறப்பட்டது. தமக்குக் கிடைத்த வருவாயின் பெரும்பங்கை ஆபிரகாம் நம்பிக்கைப் பொறுப்பு நிதியங்களாக்கி, டன் கூடத்துக்கும் பல்கலைக்கழகத்தின் பிற ஆய்வுகளுக்கும் பயன்படச் செய்தார்.

வணிகர் ஒருவரின் கொடையால் எழுந்த கூடத்தில் வளர்ந்த அறிஞர், தாமே கொடையாளரானார். மூத்தோர் காத்த அறமும் ஆபிரகாம் கண்ட வழியும் முரண்பட்டவையல்ல. மருந்து மக்களைச் சென்றடையவும் வேண்டும். அதன் ஆதாயம் அடுத்த ஆய்வுக்கு வித்தாகவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதலே பல்கலைக்கழகங்களின் கடனாகும்.