மரக் காரும் மணிக் கணக்கும்

மரக்கட்டையில் சிறு கார் செதுக்கிச் சரிவான தடத்தில் விடும் பந்தயத்தைப் பற்றி இன்று பேசுவோம். எஞ்சின் கிடையாது, பூமியின் ஈர்ப்பே காரை இழுக்கும்.

1953ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில், டான் மர்பி என்ற தந்தை இதைத் தொடங்கினார். பெரிய வண்டிப் பந்தயத்தில் சேர அவர் மகனுக்கு வயது போதவில்லை. அதனால் பிறந்த விளையாட்டு இது.

அன்று முடிவுக் கோட்டில் விளக்கு எரியும். முந்தியது எது என்று தெரிந்தது. எவ்வளவு முந்தியது என்று தெரியவில்லை. தோற்ற பிள்ளைக்கு அதுதானே வேண்டும்?

பின்னாளில் கணினி வந்தது. தடுப்பு விழுந்ததும் கடிகாரம் ஓடும். கார் ஒளிக்கற்றையை மறைத்ததும் நிற்கும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மென்பொருள் குறித்துக்கொள்ளும்.

ஆயினும் ஓர் ஓட்டத்தை மட்டும் நாம் நம்பலாகாது. சோதனையின்போது ஒரே காரை, ஒரே தடத்தில் பல முறை விட்டுச் சராசரி எடுக்கவேண்டும். பிறகு அச்சில் பென்சில் கரித்தூள் இட்டு, மறுபடியும் அத்தனை முறை விடவேண்டும். தூள் இடுமுன்பே நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் கூடிக் குறைந்திருக்கும். இரு சராசரிகளின் வேறுபாடு அதைவிடச் சிறிதானால், தூள்தான் உதவியது என்று சொல்ல நமக்கு இடமில்லை.