துடிப்பை எண்ணிய கதை



பத்துமலைப் படிகள் 272. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறும் பிள்ளைகள் பாதி வழியில் குரங்கைக் கண்டதும் கணக்கைக் கோட்டை விடுவார்கள். கண் ஓரிடம், மனம் ஓரிடம் என்பது மனிதனுக்கு உள்ள தொல்லை. களைக்காமல் எண்ணும் கருவியை அவன் எப்படிச் செய்தான், அந்தக் கதையில் நம்மவர்க்கு என்ன பங்கு என்பதே இன்றைய பேச்சு.

மின்கருவிக்கு மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலை போதும். ஒரு கணம் வந்து மறையும் மின்சாரத்தைத் துடிப்பு என்கிறோம். ஒன்பது விளக்குகளை வரிசையாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கு ஒரு துடிப்பு. முதல் விளக்கு ஒரு துடிப்புக்கு எரியும், அடுத்த துடிப்புக்கு அணையும். அணையும்போதெல்லாம் பக்கத்து விளக்குக்கு ஒரு துடிப்பைத் தள்ளிவிடும். இரண்டாவது விளக்கு மூன்றாவதை அப்படியே தட்டும். ஆகவே விளக்குகளின் மதிப்பு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப்போய், ஒன்பதாவதற்கு 256 ஆகிறது. 272-ஆம் படியில் கால் வைக்கும்போது ஐந்தாவது விளக்கும் ஒன்பதாவது விளக்கும் மட்டும் எரியும். 16-ஐயும் 256-ஐயும் கூட்டிப் பாருங்கள்.

இந்த முறை கணிப்பொறிக்காகப் பிறந்ததன்று. அணு ஆராய்ச்சிக்காகப் பிறந்தது. 1909-இல் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் உதவியாளர்கள் இருட்டறையில் அமர்ந்து, அணுத்துகள் திரையில் மோதும்போது தோன்றும் மினுக்கல்களைக் கண்ணால் எண்ணினார்கள். கண் விரைவில் சோர்ந்துவிடும். எண் காட்டும் இயந்திரத்தை வைக்கலாமென்றால், துகள்களின் வேகத்துக்கு அதன் சக்கரம் ஈடுகொடுக்காது. கேம்பிரிட்ஜில் வின் வில்லியம்ஸ் 1932-இல் வெளியிட்ட கருவி இந்த முடிச்சை அவிழ்த்தது. நான் சொன்ன விளக்கு வரிசைபோல அது துடிப்புகளைப் பாதி பாதியாகக் குறைத்து, சக்கரம் தாங்கும் வேகத்துக்குக் கொண்டுவந்தது. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியும் துடிப்பை எண்ணித்தான் கூட்டியது. ஐந்தோடு மூன்றைக் கூட்ட, ஐந்தில் நிற்கும் எண்ணிக்கு அது மூன்று துடிப்புகளை அனுப்பும். நொடிக்கு 1,00,000 துடிப்புகளைத் தானே உண்டாக்கிக்கொண்டது. அதற்கு ஏறத்தாழ 18,000 வால்வுகள்!

துடிப்பை எண்ணும் கருவிகள் நம்மவர் தோண்டிய குழிக்குள்ளும் இறங்கின. நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியதுபோல, வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் வெட்டிய சுரங்கம் உலகின் மிக ஆழமானவற்றுள் ஒன்று. வானிலிருந்து ஓயாமல் பொழியும் துகள்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே கருவிகளை இறக்கினர். மிக ஆழத்தில் இரண்டு மாதம் ஓடியும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பூஜ்யம் பெரிய செய்தி. அவ்வளவு அமைதியான இடத்தில் துடிப்பு வந்தால், அது பூமியையே ஊடுருவும் நியூட்ரினோவின் வேலையாக இருக்கலாம் அல்லவா? 1965-இல், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மேனன், ஸ்ரீகண்டன் முதலியோர் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களோடு சேர்ந்து அதன் தடயத்தைக் கண்டார்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அறிஞர்களின் பெயர் நூல்களில் இருக்கிறது. பாறை வெட்டியவர்களின் பெயரை அங்கே காண்பது அரிது.

நம் நாட்டுக்கு முதல் கணிப்பொறி வந்தது 1966-இல். அதை வைத்தது லெம்பாகா லெட்ரிக் நெகாரா, அதாவது இன்றைய தெனாகா நேஷனல். வீட்டு மின்மீட்டரும் இப்போது துடிப்பை எண்ணும் கருவிதான். கிராணி சொன்ன எடையே பால் எடை என்றிருந்த குடும்பங்கள் நாம். இந்தக் கணக்கையாவது நாமே சரிபார்க்கலாம். மீட்டரில் மினுக்கும் சிறு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1000 என்று வைத்துக்கொள்வோம். விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 2000 வாட் மின்கெண்டியை நிறையத் தண்ணீரோடு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். 100 தடவை மினுக்க வேண்டும். அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கட்டும், தங்கை எண்ணட்டும்.