மணலில் இருந்து மடிக்கணினி வரை

வகுப்பறைத் தொழில்நுட்பம்னா இன்னைக்கு ஸ்மார்ட் போர்டுதான் ஞாபகம் வரும். ஆனா நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்தான் முதல் கருவி. விரலால் எழுதலாம், தப்புன்னா அழிக்கலாம், செலவும் இல்லை. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். அந்த அனுபவத்தை 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் பரவியது.

அப்புறம் வந்த கருவிகளை ரெண்டாப் பிரிக்கலாம். சிலேட்டும், 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச மடிக்கணினியும் பிள்ளை கையில் எடுத்துச் செய்யுறவை. ரேடியோவும், 2019-ல் வந்த கல்வித் தொலைக்காட்சியும் உட்கார்ந்து கேட்குற, பார்க்குறவை.

கொரோனாவில் பள்ளிகள் மூடினப்போ, சென்னைக்கும் எங்க சங்கரன்கோவிலுக்கும் ஒரே பாடத்தை டிவி கொண்டுவந்தது. அது பெரிய விஷயம்தான். ஆனா பிள்ளை தப்பா எழுதினா டிவிக்குத் தெரியாதே! கற்றல் இடைவெளியை நிரப்ப 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் தெருத்தெருவா வர வேண்டியிருந்தது.

அடுத்து உங்க ஊர் ஸ்கூலுக்குப் புதுசா ஒரு கருவி வந்தா, பிள்ளை அதுல எழுதி, அழிச்சு, திரும்ப எழுத முடியுதான்னு பாருங்க.