ஐஸ் ஹவுஸிலிருந்து அடுப்பங்கரை வரை

போன வருஷம் மே மாதம். லீவுக்காக நாக்பூரில் எங்கள் அகத்திற்கு வந்திருந்த ஒன்பது வயதுப் பேரன், மத்தியானம் வடித்து மேடையிலேயே இருந்துவிட்ட சாதத்தைப் பார்த்து, "தாத்தா, இது கெட்டுப் போயிருக்குமோ?" என்று கேட்டான். இரவு மணி எட்டு. "நன்றாகச் சுட வைத்தால் எந்தக் கிருமியும் பிழைக்காதுடா கண்ணா" என்றேன், பி.எஸ்ஸி. படித்த கர்வத்துடன். பத்து மணிக்குக் குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்து, விடியும் வரை ஓயவில்லை.

காலையில் டாக்டர் விளக்கினார். அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சாதம் வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் அழியாது. பேரன் இரண்டு நாளில் தேறினான். என் சகதர்மிணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. அதன் பிறகே உணவைக் காப்பாற்றிய சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானேன்.

பிரான்ஸ் தேசத்து நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் வைத்துக் கெடாமல் காத்தார். 1810-ல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளே காரணம் என்று லூயி பாஸ்டர் 1860-களில் நிரூபித்தார். ஆக, பழக்கம் முதலில், காரணம் பின்னால்.

குளிர்ச்சி நம் தேசத்திற்குக் கப்பலில் வந்தது. 1833-ல் பாஸ்டனிலிருந்து பிரெடெரிக் டியூடர் அனுப்பிய 'டஸ்கனி' கப்பல், சுமார் 180 டன் ஐஸுடன் புறப்பட்டு, நாலு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சமிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழும்பிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் பெரும்பாலும் துரைமார்களின் பானத்திற்கே போயிற்று. நம் பாட்டிமார்களின் சமையலறைக்கு வரவில்லை.

அவர்கள் வைத்திருந்தவை வேறு. வேளைக்கு வேளை வடித்து அன்றன்றே தீர்ப்பார்கள். மிஞ்சிய சாதத்தில் ஜலம் விட்டுப் பழையதாக்குவார்கள்; அதில் ஊறும் புளிப்பு பல கிருமிகளை அடக்கும். மாவடுவுக்கு உப்பு, வடாம், வற்றலுக்கு வெயில். பத்து என்பது ஆசாரம், கிருமி சாஸ்திரம் அல்ல. ஆனாலும் சாதத்தைத் தொட்ட கையை அலம்பாமல் பாலையும் தயிரையும் தொடக்கூடாது என்ற பாடம் குழந்தைகளுக்கு அதனால் படிந்தது.

பிறகு நம் அகங்களுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. பத்து போயிற்று. ஆனால் ஃப்ரிட்ஜுக்கான பாடத்தை யாரும் குழந்தைகளுக்குச் சொல்லித் தரவில்லை. பழைய கட்டுப்பாடு போய், புதியது வந்து சேராத இடைவெளியில்தான் என் பேரன் அகப்பட்டுக்கொண்டான்.

கலப்படத் தடைச் சட்டம் 1954-லும், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-லும் இயற்றப்பட்டன. முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன்: சட்டம் கடை வாசலோடு நின்றுவிடும். நம் சமையலறைக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

ஆகவே நாங்கள் பேரனையே இன்ஸ்பெக்டராக நியமித்தோம். உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட ஐந்து விதிகளை அவனே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினான். கையையும் பாத்திரத்தையும் சுத்தமாக வைத்தல்; பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல்; நன்றாக வேகவைத்தல்; உணவைத் தகுந்த சூட்டில் அல்லது குளிரில் வைத்தல்; நல்ல ஜலமும் நல்ல பொருளும் உபயோகித்தல். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே, அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டின் பின்புறம் உப்பு எவ்வளவு என்று படித்துப் பார்ப்பதையும் அவனே சேர்த்துக்கொண்டான்.

இந்த வருஷமும் லீவுக்கு வந்தான். தட்டின் முன் உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "தாத்தா, இது எத்தனை மணிக்கு வடிச்சது?"

கர்வமில்லாமல், மணியைப் பார்த்துப் பதில் சொன்னேன்.